இரண்டாவது கோல்கீப்பர்

கென்னத் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் மூன்று கேடயங்கள் வரிசையாக இருந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: ‘விசுவாசமான ஆட்டக்காரர்’. கிந்தா ரேஞ்சர்ஸ் காற்பந்துக் கிளப்பின் ரசிகர் மன்றம் வருடக் கடைசியில் விருந்து வைத்து, ஓர் ஆட்டக்காரரை மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பது. கூடவே ஒரு பரிசுக்கூடையும் உண்டு. பிஸ்கட் டின், ஆரஞ்சு சர்பத், ஒரு துண்டு.

முதல் இரண்டையும் மனைவி ட்ரேசி துடைத்துப் பேசாமல் மேலே வைத்தாள். மூன்றாவதை வைக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

“உன்ன வேற எந்தக் கிளப்பும் கூப்பிடல லா, கென். கூப்பிடாதவன் எங்க போவான்? இங்கதான் இருப்பான். அதுக்கு ஒரு கேடயம்!”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளும் சிரித்தாள், அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் மீன்முள் மாதிரி அவன் தொண்டையில் நின்றுவிட்டது. சோற்றுருண்டையை விழுங்கினாலும் இறங்காத முள்.

கென்னத் பிறந்தது ஈப்போ பக்கத்தில், செமோருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அந்தோணிமுத்து பால்மரம் சீவினார். தோட்டத் திடலில் ஒரு பக்கம் மட்டும்தான் இரும்புக் குழாயில் செய்த கோல்கம்பம் இருந்தது. மறுபக்கம் இரண்டு கல். எல்லாப் பையன்களும் முன்னால் ஓடிக் கோல் அடிக்க ஆசைப்பட்டார்கள். கென்னத் எட்டு வயதிலேயே கொக்கு மாதிரி வளர்ந்திருந்தான். “இவன கோலுக்கு நிறுத்து” என்றார்கள். நின்றான். அவனுக்கு ஒன்பது வயதானபோது தோட்டத்தை விற்றார்கள். தொழிலாளர் லயங்களை இடித்துத் தாமான் வீடுகள் கட்டினார்கள். அந்தோணிமுத்து டைல்ஸ் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்குப் போனார். குடும்பம் ஈப்போ ஓரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. கென்னத் அங்கேயும் பள்ளிக்கூட அணிக்குக் கோலில் நின்றான்.

இருபத்திரண்டு வயதில் ரேஞ்சர்ஸ் அவனை எடுத்துக்கொண்டது. அன்று அந்தோணிமுத்து தேவாலயத்தில் ஒரு பெட்டி மெழுகுவத்தி ஏற்றினார். இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று. பதினொரு பருவங்கள் ஒரே கிளப்பில் இருந்துவிட்டான். ஆடிய ஆட்டங்களை எண்ணக் கைவிரல்கள் பத்தும் கால்விரல் நான்கும் போதும். மற்ற நாளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இருபத்திரண்டாம் எண் சட்டையில், மேலே ஒரு மழைச்சட்டை போட்டுக்கொண்டு.

இரண்டாவது கோல்கீப்பர் வேலை ஒரு வினோதமான வேலை. பின்னால் ஆடுகிறவனுக்குக் கால் வலித்தால் நடுவில் ஆடுகிறவன் அந்த இடத்தில் நிற்பான். முன்னால் ஆடுகிறவன் களைத்தால் இன்னொருவன் இறங்குவான். கோல்கீப்பர் களைப்பதில்லை. அவன் விழுந்து எலும்பு முறிந்தால்தான் இரண்டாவது ஆளுக்கு வழி. அப்படி ஒரு நினைப்பு வராமல் பதினொரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியும் என்று யாராவது சொன்னால் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம்.

இப்போது முதல் கீப்பராக நிற்கும் பவித்ரனுக்கு முன்னால் நான்கு பேர் அந்த இடத்துக்கு வந்து போனார்கள். ஒருவன் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து சட்டையிலிருந்த கிளப் முத்திரையை முத்தமிட்டான். செவ்வாய்க்கிழமை கிழக்குக் கரையில் வேறொரு சட்டையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றான். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஒவ்வொருவன் போகும்போதும், இனி நம் முறை என்று கென்னத் நினைத்தான். ஒவ்வொரு தடவையும் கிளப் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவர்கள் போகப் போக, போகாத கென்னத்தின் மதிப்பு ரசிகர்களிடம் கூடியது. “பாருங்கடா, கென் மாதிரி இருக்கணும்” என்றார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒரு கதை இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் வடக்கே ஒரு கிளப்பிலிருந்து ஏஜெண்ட் ஒருவர் போன் பண்ணினார். “நம்பர் ஒன் வேணும், வரீங்களா?” என்று கேட்டார். கென்னத் அந்த நிமிடமே வருகிறேன் என்றான். மூன்று நாள் போனைச் சார்ஜரிலிருந்து எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பெட்டியில் நான்கு சட்டைகூட மடித்து வைத்துவிட்டான். அந்த மூன்று நாளும் ரேஞ்சர்ஸ் என்ற பெயர் அவன் நினைவில் ஒரு தடவைகூட வரவில்லை. நான்காம் நாள் அந்தக் கிளப் வேறு ஆளை எடுத்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தான். சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தான். ட்ரேசியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வருடம்தான் முதல் கேடயம் கிடைத்தது.

பவித்ரன் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். ஊர் பாரிட் புந்தார். அப்பா நெல்லாலையில் லாரி ஓட்டுகிறவர். பவித்ரனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. முதல் நாள் பயிற்சியிலேயே கென்னத் அவனைக் கவனித்தான். பந்து காலைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பையனின் உடம்பு கிளம்பியது. விழும்போது சத்தமே இல்லை. இத்தனை வருடம் உடம்பை அடித்துப் பழக்கியும் கென்னத்துக்கு வராத ஒன்று அவனுக்குப் பல் முளைத்த மாதிரி தானாக வந்திருந்தது.

அதைவிடக் கொடுமை, அவன் நல்லவன். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் கென்னத்துக்கு வசதியாக இருந்திருக்கும், வெறுத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். பவித்ரன் “கென் அண்ணே, கென் அண்ணே” என்று பின்னாலேயே வந்தான். அவன் அம்மா மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து அணிக்கே முறுக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அதில் ஒரு டின் மட்டும் தனியாக ‘கென் அண்ணன் வீட்டுக்கு’ என்று வரும். ட்ரேசி அதைச் சாப்பிட்டுவிட்டு, “நல்ல பையன்லா” என்பாள். கென்னத்துக்கு அந்த முறுக்கு நொறுங்கும் சத்தமே பிடிக்காது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். அப்பா செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. போன பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அந்தோணிமுத்து ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மஞ்சள் நிறக் கீப்பர் சட்டை. முதுகில் ஒன்று என்ற எண், மேலே பவித்ரன் பெயர்.

“எங்கப்பா வாங்குனீங்க?”

“கவுண்டர்லதான். எப்படி இருக்கு? கொஞ்சம் லூசு.”

“நல்லாருக்கு” என்றான் கென்னத். அன்று பெஞ்சிலிருந்து பார்த்தபோது இடதுபக்கக் கூட்டத்தில் அந்த மஞ்சள் சட்டை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்: “அந்தப் பையன் பாயுறத பாத்தியா? பூனைதான். கீழ விழறதே தெரியல.” கென்னத் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றான்.

இரண்டாவது கீப்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியாட்களுக்கு அது தெரியாது. ஆட்டத்துக்கு முதல் நாள் எதிரணிக்காரர்கள் அடித்த பெனால்டிகளையெல்லாம் போனில் தேடிப் பார்த்து, யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று ஒரு சீட்டு எழுத வேண்டும். சட்டை எண்ணைப் போட்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அந்தச் சீட்டை முதல் கீப்பரின் தண்ணீர் பாட்டிலில் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். பெனால்டி வரும்போது அவன் தண்ணீர் குடிப்பது போலக் குடித்துச் சீட்டைப் பார்த்துக்கொள்வான். கடைசி நேரத்தில் ஏதாவது மாறினால் பெஞ்சிலிருந்து சைகை. தோளைத் தொட்டால் அந்தப் பக்கம் பாய வேண்டும். தலையில் கை வைத்தால் பாயாமல் நடுவில் நிற்க வேண்டும். கென்னத்தின் சீட்டு பொய்த்ததில்லை என்று அணியில் பேர். பவித்ரன் அந்த மூன்று வருடத்தில் தடுத்த ஒன்பது பெனால்டிகளில் ஏழு, கென்னத் போட்ட அம்புக்குறி. பத்திரிகையில் பவித்ரன் படம் வந்தது.

இந்தப் பருவத்தில் ரேஞ்சர்ஸ் கிண்ணப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தது. எதிரணி தெற்கே இருக்கும் பணக்கார கிளப், கோத்தா செலாத்தான். ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை ஒரு செய்தி பரவியது. பருவம் முடிந்ததும் பவித்ரனை கோத்தா செலாத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறதாம்.

அன்று பயிற்சி முடிந்து இருவரும் வலைக்குப் பின்னால் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“போறியா பவி?”

“கேட்டிருக்காங்கண்ணே. தெரியல.”

“மூணு வருசமா இங்க உனக்குக் கைதட்டுனாங்க. அது ஒண்ணும் இல்லியா?”

பவித்ரன் பூட்ஸிலிருந்து புல்லைத் தட்டினான். “இருக்குண்ணே. இல்லேன்னு சொல்லல. ஆனா எந்த ஊரு கோல்ல நின்னாலும், நிக்கிற வரைக்கும் பொய்யா நிக்க மாட்டேன். நாளைக்கு எங்க இருப்பேன்னு சத்தியம் பண்ண நான் யாருண்ணே? கால் உடைஞ்சா இவங்களே அனுப்பிடுவாங்க.”

“அப்ப சனிக்கிழம?”

“சனிக்கிழம அவங்க கோல் போட்டுட்டா என் பேர மாத்திக்கிறேன்ணே” என்று சிரித்தான்.

வேறொரு கிளப் கூப்பிடும் ஆளுக்கு இப்படிச் சுலபமாகப் பேச வருகிறது என்று கென்னத் நினைத்தான். பயிற்சியாளர் ரோஸ்லான் அவனைக் கூப்பிட்டு, பவித்ரன் போய்விட்டால் அடுத்த பருவத்துக்கு உன்னைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் இயக்குநர்கள் வெளியாளையே கேட்கிறார்கள் என்று மென்று முழுங்கிச் சொன்னார். அதை கென்னத் நான்கு தடவை கேட்டிருக்கிறான். முப்பத்து மூன்று வயதில் ஐந்தாம் தடவை கேட்க அவனுக்குத் தெம்பில்லை. இப்போது கிடைக்காவிட்டால் அவன் பெஞ்சிலிருந்தே ஓய்வு பெறுவான்.

ஆனால் அவன் நெஞ்சை அரித்தது இடம் மட்டும் இல்லை. பவித்ரன் போகட்டும். கைதட்டலோடு போகக்கூடாது. அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டு, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்ப, அந்தோணிமுத்து மஞ்சள் சட்டையில் கையாட்ட, அப்படிப் போகக்கூடாது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினான். ஏழாம் எண், இடப்பக்கம் அம்பு. பதினேழு, வலப்பக்கம். பத்தாம் எண்ணுக்கு வந்தபோது பேனா நின்றது.

பத்தாம் எண் கிளென். நான்கு வருடத்துக்கு முன்புவரை ரேஞ்சர்ஸில் இருந்தவன். அவன் தெற்கே போனபோது ரசிகர்கள் அவன் சட்டையைக் கொளுத்தினார்கள். அதற்கு முன்னால் ஐந்து வருடம், தினமும் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு கிளென் இருபது பெனால்டி அடிப்பான், கென்னத் நிற்பான். தோற்றவன் ஒரு கிளாஸ் குளிர்ந்த தே ஓ ஐஸ் வாங்கித் தர வேண்டும். அப்படியே கிளென்னின் கால் கென்னத்துக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கிளென் எப்போதும் ஐந்தடி பின்னால் போவான். கீப்பரின் வலப்பக்கம் ஓங்கி அடிப்பான். ஆனால் தொடர்ந்து நாலைந்து தவறி உள்ளூர நடுங்கிவிட்டான் என்றால் மூன்றே அடிதான் போவான். மூன்றடி போனால் ஓங்கி அடிக்கமாட்டான். பந்தைச் செல்லமாகத் தூக்கி நடுவில் போடுவான். எந்த வீடியோவிலும் இது கிடையாது. ஆட்டத்தில் அவன் அந்த அளவுக்கு நடுங்கும்படி யாரும் அவனை நிறுத்தியதில்லை. கென்னத் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பத்து என்று எழுதினான். வலப்பக்கம் ஓர் அம்பு போட்டான். வீடியோ அதைத்தான் சொன்னது. மூன்றடியை எழுதவில்லை. பொய் எதுவும் எழுதவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“முடிஞ்சுதா?” என்று ட்ரேசி கேட்டாள்.

“முடிஞ்சது.”

திடலின் விளக்குக் கம்பங்கள் பழுதாகிக் கிடந்ததால் ஆட்டத்தை மாலை நாலரைக்கு வைத்திருந்தார்கள். மத்தியானம் பெய்த மழையில் புல் சொதசொதவென்று இருந்தது. எட்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். ரசிகர் மன்றத் தலைவர் தர்மேந்திரன் கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். ரேஞ்சர்ஸ் தோற்றால் மறுநாள் அவர் பட்டறை திறக்காது. பவித்ரன் பயிற்சிக்கு இறங்கியபோது, “டேய் தம்பி! உன் புது முதலாளி வந்திருக்காங்க, சலாம் வச்சியா?” என்று யாரோ கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். பவித்ரன் திரும்பவில்லை.

அன்று அவன் ஆடியதுதான் அவன் ஆடியதிலேயே நல்ல ஆட்டம். அதைக் கென்னத் தவிர வேறு யாரும் முழுதாக அறியமாட்டார்கள். ஈரப் பந்தை ஒரு கையால் தட்டினான், இரண்டு பேர் காலுக்கு நடுவில் தலையை விட்டு எடுத்தான். இரண்டு அணியும் கோல் போடாமல் கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டிக்குப் போனது.

மூன்றாவது உதையில் ஏழாம் எண் வந்தான். பவித்ரன் தண்ணீர் குடித்தான். இடப்பக்கம் பாய்ந்தான். தடுத்தான். திடலே அதிர்ந்தது. அவன் எழுந்து பெஞ்சைப் பார்த்துக் கென்னத்தை நோக்கி விரலை நீட்டினான்: உங்களுடையது என்பது போல. கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. கூட்டம் பவித்ரன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான்கு உதை முடிந்து மூன்றுக்கு மூன்று. ஐந்தாவதாக ரேஞ்சர்ஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடித்த பிரேசில்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அடுத்தது கோத்தா செலாத்தானின் ஐந்தாவது உதை. போட்டால் அவர்கள் இறுதிக்கு. பந்தை எடுத்துக்கொண்டு கிளென் நடந்து வந்தான். எட்டாயிரம் பேர் அவனை ஊளையிட்டார்கள்.

பவித்ரன் பாட்டிலைப் பார்த்தான். பத்து, வலப்பக்கம்.

கிளென் பந்தை வைத்தான். சேற்றில் அழுத்தி வைத்தான். பின்னால் போனான். ஓரடி. இரண்டடி. மூன்றடி. நின்றான்.

கென்னத்தின் கை தானாக இடுப்புவரை எழுந்தது. தலையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பவித்ரனும் பெஞ்சைப் பார்த்தான். ஏதாவது இருந்தால் கென் அண்ணன் சொல்வார் என்ற பழக்கத்தில் பார்த்தான்.

கென்னத் குனிந்தான். காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, நிமிர்த்தி வைத்தான். அதற்குத் தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டான்.

விசில் கேட்டது. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டது போல. நிமிர்ந்து பார்த்தபோது பவித்ரன் வலப்பக்க மூலையில் சேற்றில் கிடந்தான். பந்து கோலின் நட்டநடுவில், மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

கம்பத்தில் அடித்தவனைக் கூட்டம் மன்னித்துவிட்டது, அவன் அழுதான். பவித்ரன் அழவில்லை. நடுவில் மெல்ல வந்த பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கியவன் போலத்தான் அவன் தெரிந்தான். “வித்துட்டான்டா!” என்று முதலில் ஒரு குரல். பிறகு பல குரல்கள். தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்து விழுந்தன.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் போனபிறகு பவித்ரன் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கையிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கென்னத் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே. அவன் மூணடிதான் போனான்.”

கென்னத் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாராலும் மறுக்க முடியாது. பொய் சொல்ல வாயைத் திறந்தபோது, அதற்கும் ஒரு தெம்பு வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது.

“தெரியும்.”

பவித்ரன் தலையாட்டினான். கத்தவில்லை, எழுந்து அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் இன்னும் கையெழுத்துப் போடலண்ணே” என்றான். “அம்மா வேணாம்னாங்க. இங்கேன்னா ரயில் ஏறி வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. நேத்துகூட அப்பாகிட்ட, இருந்திடலாம்னுதான் சொன்னேன்.” பையை மூடித் தோளில் மாட்டினான். “நாளைக்குப் போட்டுடறேன்.”

கதவுவரை போய்த் திரும்பி, “வரேன்ணே” என்றான். அந்த மரியாதை பழக்கத்தில் வந்ததா வேண்டுமென்றே சொன்னானா என்று கென்னத்துக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வாரம் ஈப்போ முழுக்க இதே பேச்சு. பவித்ரன் பாய்வதை மெதுவாக ஓட்டி, வட்டம் போட்டு, ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். செய்தியும் உறுதியானது: கோத்தா செலாத்தானில் மூன்று வருட ஒப்பந்தம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். பாரிட் புந்தாரில் அவன் அம்மா போனுக்கு யார் யாரோ பண்ணித் திட்டினார்கள் என்று கேள்வி. ட்ரேசிதான் அதைச் சொன்னாள். “அந்தம்மா என்ன பண்ணாங்க, பாவம்” என்றாள்.

கென்னத் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் புந்தோங்குக்கு மோட்டாரை விட்டான். தர்மேந்திரன் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அடடே, கென்! வா வா. தண்ணி குடிக்கிறியா?”

“அண்ணே, பவித்ரன் விக்கல. என் தப்பு. கிளென் நடுவுல போடுவான்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. வேணும்னேதான் சொல்லல.”

தர்மேந்திரன் சங்கிலியைக் கீழே வைத்தார். கென்னத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது.

“நீ மனுசன்டா” என்றார்.

“அண்ணே, நான் சொல்றது...”

“புரியுதுலா. எனக்கா புரியாது? அந்தத் துரோகிக்காக நீ பழிய ஏத்துக்கிற. பதினொரு வருசம் பெஞ்சுல உக்காந்தவன் கோல்ல நின்னவனுக்காகப் பேசுற. இந்த மனசு எவனுக்கு வரும்?”

“நிஜமாத்தான் சொல்றேன்ணே. கிளென் மூணடி போனா...”

“அதெல்லாம் சொல்லாத. சொன்னா நான் அழுதுடுவேன்” என்று தர்மேந்திரன் கிரீஸ் கையாலேயே அவனைக் கட்டிப்பிடித்தார்.

சாயந்தரம் ரசிகர் மன்றப் பக்கத்தில் கென்னத்தின் படம் வந்தது. ‘தன்னை ஒதுக்கியவனுக்கும் தோள் கொடுத்த உண்மையான ரேஞ்சர்ஸ்காரன்’ என்று கீழே எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கில் விருப்பங்கள். ‘இவரை ஏன் இத்தனை வருடம் பெஞ்சில் வைத்தீர்கள்?’ என்று இயக்குநர்களைக் கேட்டிருந்தார்கள். இயக்குநர்களுக்கு ரசிகர்களைச் சமாதானப்படுத்த ஒரு வழி தேவையாக இருந்தது. மாதக் கடைசியில் ரோஸ்லான் கூப்பிட்டு, அடுத்த பருவம் ஒன்றாம் எண் உனக்கு என்றார்.

ட்ரேசி துள்ளிக் குதித்தாள். உடனே மாமனாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தோணிமுத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். ட்ரேசி பாத்திரம் கழுவப் போனதும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அன்னிக்கு அவன் பந்த அடிக்கிறப்ப நீ எதுக்குக் குனிஞ்ச?”

“நீங்க எங்க பாத்தீங்க? எல்லாரும் கோலைத்தானே பாத்தாங்க.”

“நான் கோலைப் பாக்கவா அங்க வரேன்? பெஞ்சத்தான் பாப்பேன். பதினொரு வருசமா அதத்தான் பாக்குறேன்.”

“அப்புறம் எதுக்கு அவன் சட்டைய வாங்குனீங்க?”

அந்தோணிமுத்து புரியாமல் பார்த்தார். “உன் சட்டைதான்டா கேட்டேன். இருபத்திரண்டு போடறதில்ல அங்கிள், யாரும் வாங்க மாட்டாங்கன்னு அந்தக் கவுண்டர் பொண்ணு சொல்லிடுச்சு. கீப்பர் சட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. கீப்பர்தானே நீயும்.”

பிறகு மறுபடியும் கேட்டார். “எதுக்குக் குனிஞ்ச?”

கென்னத் மேசையில் சிந்தியிருந்த பருக்கைகளை விரலால் ஒதுக்கினான். அவர் மூன்றாம் தடவை கேட்கவில்லை. ஜாகா வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்தவர்; எவன் எதை மறைக்கிறான் என்று நின்று கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, “பஸ் வந்துரும்” என்று கிளம்பினார். ஒன்றாம் எண்ணுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. புதுப் பருவத்தின் ஆட்டங்களுக்கும் அவர் வரவில்லை. முழங்கால் வலி என்றார்.

கென்னத் ஆடினான். மோசமாக ஆடவில்லை. முதல் நான்கு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. கூட்டம் அவன் பெயரைச் சொன்னது. பதினொரு வருடம் அவன் படுக்கையில் கிடந்து கற்பனை செய்த அதே சத்தம்தான். அது வேறு யாருக்கோ வாங்கிய சட்டை மாதிரி அவன்மேல் நிற்காமல் வழுக்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை தர்மேந்திரன் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போனார். கடைத் தொலைக்காட்சியில் கோத்தா செலாத்தானின் ஆட்டம். “துரோகி என்ன பண்றான்னு பாக்கலாம்” என்றார். கடையில் பாதிப் பேர் அதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். எழுபதாவது நிமிடத்தில் கோத்தா செலாத்தானுக்கு எதிராக ஒரு பெனால்டி. கேமரா பவித்ரனின் முகத்துக்குக் கிட்டே போனது. கொஞ்சம் இளைத்திருந்தான். கண்ணை ஒரு தடவைகூட பெஞ்சுப் பக்கம் திருப்பவில்லை. நடுவில் நின்று, கடைசி நொடியில் இடப்பக்கம் பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான்.

“சை!” என்றார் தர்மேந்திரன். “நம்மகிட்ட இருந்தப்ப மட்டும் விழுந்து கெடந்தான், பாரு!”

கென்னத் பவித்ரனைப் பார்க்கவில்லை. கேமரா பெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எழுவதற்கு முன்பே அங்கே ஓர் ஆள் எழுந்துவிட்டான். மழைச்சட்டை போட்ட உயரமான ஆள், கையில் மாட்டாத கையுறை. கோட்டைத் தாண்டி ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கி, வாயைப் பிளந்து, தானே பந்தைத் தடுத்ததுபோலத் துள்ளினான். உதவி நடுவர் அவனைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். அவன் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான், உட்கார்ந்தும் கைதட்டினான்.

கென்னத்துக்குள் பழைய நெருப்பு ஏறியது. மூன்று வருடம் பவித்ரன்மேல் எரிந்தபோதுகூட அது இவ்வளவு சுட்டதில்லை. அந்த ஆளுக்கும் அவன் வயதுதான் இருக்கும், அதே மழைச்சட்டைதான்; ஆனால் அவனால் துள்ள முடிந்தது.

“அது யாருண்ணே?” என்றான்.

“எது?”

“பெஞ்சுல. எந்திரிச்சு ஓடிவந்தானே.”

தர்மேந்திரன் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். “ரிசர்வ் கீப்பரா? அவன் பேரெல்லாம் யாருக்குலா தெரியும்?”

கேமரா அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. கென்னத் மறுபடி பெஞ்சைக் காட்டுவார்களா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.